இடைப்பறிப்பு: சிபியூவைப் பறிப்பது எப்போது, விட்டுவைப்பது எப்போது?

க.பொ.த. உயர்தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
பணிசெயல் முறைமை அலகு – மேலதிகப் பாடம்



"இடைப்பறிப்புள்ள முறை இடைப்பறிப்பற்ற முறையிலும் விரும்பப்படுவது ஏன்?" என்று வகுப்பில் ஒரு மாதிரி வினா கொடுத்தேன். ஏறக்குறைய எல்லோரும் எழுதிய விடை ஒன்றேதான்: "வேகமானது." இந்த விடைக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லை என்பதோடு, அது பிழையான விடையும் ஆகும். இடைப்பறிப்பு கணினியை வேகமாக்குவதில்லை. மொத்த வேலை முடியும் நேரம் அதனால் சற்றுக் கூடவே செய்யும். அப்படியானால் அதை ஏன் வைத்திருக்கிறார்கள்? எவ்வளவு வைத்துக்கொள்வது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? இப்பாடம் இந்த இரண்டு வினாக்களைப் பற்றியது.

இங்கு படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கணினி இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் கலைப் பட்டதாரிதான். இந்தப் பாடத்தைப் புத்தகம் பார்த்துத் தடவித் தடவிப் படித்தவன். ஆகவே கணினி முன்னால் இருந்தால்தான் விளங்கும் என்ற விதமாக எதையும் இங்கே எழுதவில்லை. ஒரு பென்சிலும் கோடு போட்ட தாளும் போதும்.

1. சொல் விளக்கம்

ஒரு சிபியூ ஒரு நேரத்தில் ஒரு முறைவழியை மாத்திரமே இயக்கும். (சில நூல்களில் முறைவழி என்பதற்குச் செயன்முறை என்றும் எழுதியிருப்பார்கள். பரீட்சையில் எதை எழுதினாலும் விடை முழுவதும் ஒரே சொல்லையே பயன்படுத்துங்கள்.) ஓடிக்கொண்டிருக்கும் முறைவழி தானாக விட்டுக்கொடுக்கும் முன்னரே, பணிசெயல் முறைமை அதனிடமிருந்து சிபியூவை எடுத்து வேறொன்றுக்குக் கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘பிரிஎம்ப்ஷன்’ என்பர். இப்பாடத்தில் அதனை இடைப்பறிப்பு என்போம். பறிக்கப்பட்ட முறைவழி அழிந்துவிடுவதில்லை. அது ‘ஓடும்’ நிலையிலிருந்து ‘தயார்’ நிலைக்குத் திரும்பி வரிசையில் நிற்கும். அது எந்த இடத்தில் நின்றது, பதிவகங்களில் என்ன பெறுமானங்கள் இருந்தன என்பன அதன் முறைவழிக் கட்டுப்பாட்டுத் தொகுதியில் எழுதி வைக்கப்படும். இவ்வாறு ஒன்றை எடுத்து வைத்து மற்றொன்றை ஏற்றுவது சந்தர்ப்ப நிலைமாற்றம் ஆகும்.

அடுத்து எதை ஓடவிடுவது என்று தெரிவு செய்யும் பகுதிக்குச் செடியூலர் என்று பெயர். பாடசாலையில் நேரசூசி வகுக்கும் ஆசிரியரின் வேலைதான் அதற்கும்.

பழைய விண்டோஸ் 3.1 இல் நிகழ்ச்சிகள் தாமாகவே சிபியூவை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று விட்டுக்கொடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் முழுக் கணினியுமே உறைந்து நிற்கும். விண்டோஸ் 95 வந்தபோது 32 பிற் நிகழ்ச்சிகளுக்கு இடைப்பறிப்பு வந்தது. ஆப்பிளின் மக் கணினிகள் 2001 இல் மக் ஓஎஸ் எக்ஸ் வரும்வரை பெரும்பாலும் பழைய முறையிலேயே இருந்தன.

2. ஒரு கணக்கு: இதைச் செய்யாமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம்

மூன்று முறைவழிகள் உள்ளன. மு1 நேரம் 0 இல் வருகிறது, தேவை 8 மில்லி செக்கன், முன்னுரிமை மிகக் குறைவு. மு2 நேரம் 1 இல் வருகிறது, தேவை 4 மில்லி செக்கன், முன்னுரிமை நடுத்தரம். மு3 நேரம் 2 இல் வருகிறது, தேவை 2 மில்லி செக்கன், முன்னுரிமை மிக உயர்வு.

இடைப்பறிப்பு இல்லாவிட்டால்:
0–8 மு1, 8–10 மு3, 10–14 மு2.

காத்திருப்பு நேரம்: மு1 இற்கு 0, மு2 இற்கு 9, மு3 இற்கு 6. சராசரி 5 மில்லி செக்கன்.

இடைப்பறிப்பு இருந்தால்:
0–1 மு1, 1–2 மு2, 2–4 மு3, 4–7 மு2, 7–14 மு1.

காத்திருப்பு நேரம்: மு1 இற்கு 6, மு2 இற்கு 2, மு3 இற்கு 0. சராசரி 2.67 மில்லி செக்கன்.

இப்போது இரண்டு கோடுகளின் முடிவையும் பாருங்கள். இரண்டுமே 14 இல்தான் முடிகின்றன. வேகம் எங்கே கூடியது? எங்கும் கூடவில்லை. மு3 பட வேண்டிய காத்திருப்பை மு1 இன் தலையில் ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான். அது மாத்திரமல்ல, முதலாவது முறையில் 2 நிலைமாற்றங்கள், இரண்டாவது முறையில் 4 நிலைமாற்றங்கள். ஒரு நிலைமாற்றத்துக்கு 0.1 மில்லி செக்கன் செலவு என்று கொண்டால் முதலாவது 14.2 இலும் இரண்டாவது 14.4 இலும் முடியும். இந்த 0.2 தான் நாம் கொடுக்கும் விலை. பதிலளிப்பு நேரம் நன்றாகும், வெளியீட்டு வீதம் சற்றுக் குறையும். "வேகமானது" என்று எழுதுவதற்குப் பதிலாக இந்த வசனத்தை எழுதினால் புள்ளி நிச்சயம்.

விடை எழுதும்போது பலர் செய்யும் ஒரு தவறு: மு2 இன் காத்திருப்பு நேரத்தை 1 என எழுதிவிடுவார்கள், வந்தவுடனே ஓடத் தொடங்கியது என்பதால் 0 எனவும் எழுதுவார்கள். இரண்டும் பிழை. முடிந்த நேரம் 7, வந்த நேரம் 1, ஆகவே திரும்பல் நேரம் 6. அதிலிருந்து தேவையான 4 ஐக் கழித்தால் 2. எப்போதும் இந்த வழியாகவே வாருங்கள்; விரலால் எண்ண வேண்டாம்.

3. கேர்னலுக்குள் நுழைந்த பிறகு?

இதுவரை சொன்னது எல்லா நூல்களிலும் உள்ளது. இனிச் சொல்லப்போவது வழிகாட்டி நூல்களில் அதிகம் வராதது. ஆனால் இதை விளங்கிக்கொண்டவருக்கு அலகு முழுவதும் தெளிவாகிவிடும்.

ஒரு முறைவழி எப்போதும் தன் சொந்த வேலையையே செய்துகொண்டிருப்பதில்லை. ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், வட்டில் எழுத வேண்டும் என்றால் கேர்னலிடம் கேட்க வேண்டும். அந்தக் கேட்டலே முறைமை அழைப்பு. அழைப்பு நடக்கும்போது அதே முறைவழி பயனர் நிலையிலிருந்து கேர்னல் நிலைக்கு மாறி, கேர்னலின் நிரல்களை இயக்குகிறது. பயனர் நிலையில் இருப்பவரிடமிருந்து சிபியூவைப் பறிப்பது எளிது. கேர்னல் நிலையில் இருப்பவரிடமிருந்து பறிக்கலாமா? அவர் ஒரு முக்கியமான பட்டியலைப் பாதி திருத்திவிட்டு நிற்கக்கூடும். அந்த நேரத்தில் வேறொருவர் வந்து அதே பட்டியலைத் தொட்டால் என்னவாகும்?

நமது புகையிரதப் பாதையைக் கொண்டு பார்ப்போம். கோச்சி 1924 இல் பதுளை வரை வந்தது. மலைநாட்டில் அது ஒற்றைப் பாதை. தியத்தலாவைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அத்தாட்சியாகச் சாரதியிடம் ‘டெப்லட்’ என்ற வில்லையை வளையத்தோடு கொடுப்பார்கள். நிலைய மேடையில் அது கைமாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பகுதிக்கு ஒரு வில்லைதான் வெளியே வரும். சரக்கு வண்டி ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது, பின்னால் பொடி மெனிக்கே வருகிறது என்று வையுங்கள். எவ்வளவு அவசரமானாலும் நடுவழியில் முந்த முடியாது. அடுத்த நிலையத்தில் சரக்கு வண்டியைப் பக்கப் பாதையில் ஒதுக்கிய பிறகுதான் மெனிக்கே போகலாம்.

லினக்ஸ் கேர்னல் முதலில் இப்படித்தான் இருந்தது. கேர்னல் நிலையில் உள்ள முறைவழியை அது வேலையை முடித்துப் பயனர் நிலைக்குத் திரும்பும்போது அல்லது தானாகவே உறங்கப்போகும்போது மாத்திரம் மாற்றலாம். அந்த இரண்டும்தான் ‘நிலையங்கள்’. பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது நிலையங்களுக்கு இடையிலான தூரம் நீண்டுவிடும். எங்கள் வகுப்பில் முன்பு ஒரு பழைய கணினி இருந்தது. ஒரு பக்கம் பாட்டுப் போட்டுவிட்டு மறுபக்கம் கோப்புகளைப் பிரதி எடுத்தால் பாட்டு விக்கும். அப்போது வன்பொருளைத்தான் திட்டினேன். விக்கலுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒலித் துண்டை உரிய நேரத்தில் கொடுக்க வேண்டிய முறைவழி, வேறொருவர் கேர்னலுக்குள் இருந்து வெளியே வரும்வரை காத்திருப்பது அவற்றில் முக்கியமான ஒன்று என்பது பின்னர்தான் விளங்கியது. லினக்ஸில் இதை மாற்றும்படி முதலில் வற்புறுத்தியவர்களில் கணினியில் இசைப்பதிவு செய்தவர்களும் இருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறுக்கீடும் இடைப்பறிப்பும் ஒன்றல்ல. விசைப்பலகை, வட்டு, கடிகாரம் ஆகியவற்றிலிருந்து குறுக்கீடு வந்தால், கேர்னல் நிலையில் இருந்தாலும் சிபியூ பெரும்பாலும் அதைக் கவனித்துவிட்டு வரும். ஆனால் கவனித்த பிறகு விட்ட இடத்துக்கே, அதே முறைவழிக்கே திரும்பினால் அது இடைப்பறிப்பு அல்ல. திரும்பும்போது வேறொரு முறைவழிக்குப் போனால்தான் இடைப்பறிப்பு. பல்தேர்வு வினாக்களில் இந்த இடத்தில்தான் வழுக்கும்.

4. மெனுவில் உள்ள தெரிவுகள்

லினக்ஸ் கேர்னலை மூலநிரலிலிருந்து அமைப்பவர்களுக்கு ‘மெனுகொன்பிக்’ என்ற பட்டியல் திரையில் வரும். அதில் பொது அமைப்புகள் பகுதியில் ‘பிரிஎம்ப்ஷன் மொடல்’ என்று ஒரு வரி உண்டு. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பிலேயே கேர்னல் இடைப்பறிப்பு ஒரு தெரிவாக இருந்தது. 2005 இல் 2.6.13 பதிப்பில் நடுத்தரத் தெரிவு ஒன்றும் சேர்ந்தது. தெரிவுகளை நமது பாதையிலேயே வைத்துப் பார்ப்போம்.

‘நன்’, அதாவது கேர்னலுக்குள் இடைப்பறிப்பு இல்லை. நிலையங்களில் மாத்திரம் மாற்றம். இதைப் படித்தவுடன் "பழைய, மோசமான முறை" என்று எண்ணிவிட வேண்டாம். இரவு முழுவதும் கணக்குப் போடும் சேவையகத்துக்கு முன்னால் எவரும் சுட்டியைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. அதற்கு வெளியீட்டு வீதமே முக்கியம். அங்கே வீணான நிலைமாற்றங்கள் செலவுதான்.

‘வொலன்டரி’, அதாவது விரும்பி விட்டுக்கொடுத்தல். நீண்ட தூரம் ஓடும் கேர்னல் நிரல்களின் நடுவே ஆங்காங்கே "அவசரமாக யாரும் காத்திருக்கிறார்களா?" என்று கேட்கும் இடங்களை எழுதியவர்களே வைத்துவிடுகிறார்கள். பாதையில் மேலதிகமாகச் சில பக்கப் பாதைகளைப் போட்டதற்குச் சமம். மேசைக் கணினிகளுக்கு நீண்ட காலம் இதுவே பொருத்தமாக இருந்தது.

‘ஃபுல்’, அதாவது முழு இடைப்பறிப்பு. இதற்கு நமது பாதை போதாது. சற்றுக் கற்பனை செய்ய வேண்டும். சுரங்கங்களைத் தவிர வேறு எந்த இடத்திலும் வண்டியைப் பக்கத்தில் ஒதுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் என்பது பூட்டு. ஒரு முறைவழி பொதுப் பட்டியலைத் திருத்தும்போது ஸ்பின்லொக் என்ற பூட்டைப் போட்டுக்கொள்ளும். பூட்டுப் போடும்போது ஓர் எண்ணி 1 ஆல் கூடும், திறக்கும்போது 1 ஆல் குறையும். எண்ணி பூச்சியமாக இருந்தால் மாத்திரமே இடைப்பறிப்பு நடக்கும். பூட்டுக்குள் பூட்டுப் போட்டால் எண்ணி 2 ஆகும்; ஒன்றைத் திறந்தாலும் மற்றது மிச்சம் இருக்கிறது என்பது அதனாலேயே தெரியும். எவ்வளவு சிறிய உபாயம், எவ்வளவு பெரிய வேலை!

நான்காவது, ‘ரியல்டைம்’ எனப்படும் நிகழ்நேர இடைப்பறிப்பு. இதில் பெரும்பாலான சுரங்கங்களையும் திறந்துவிடுகிறார்கள். பூட்டு வைத்திருப்பவரிடமிருந்தும் சிபியூவைப் பறிக்கலாம். குறுக்கீடுகளைக் கவனிக்கும் பகுதிகளும் பெரும்பாலும் சாதாரண முறைவழிகளைப் போல முன்னுரிமை பெற்று வரிசைக்கு வருகின்றன. இதன் திருத்தங்கள் 2004 அளவில் தொடங்கி, கேர்னலுக்கு வெளியே தனியாக வளர்ந்து, துண்டு துண்டாக உள்ளே சேர்ந்தன. கடைசித் துண்டு 2024 செப்டெம்பரில் வியன்னா நகரில் நடந்த மாநாட்டில் கையளிக்கப்பட்டது. தோமஸ் கிளைக்ஸ்னர் அந்தக் கோரிக்கையை அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுத்தார். 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில் அது இடம்பெற்றது. ஒரு தெரிவை மெனுவுக்குள் கொண்டுவர இருபது வருடம்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 இல் வந்த 5.12 பதிப்பு முதல், கேர்னலை மறுபடியும் அமைக்காமலே கணினி தொடங்கும்போது கொடுக்கும் கட்டளை வரியில் முதல் மூன்று தெரிவுகளில் ஒன்றைச் சொல்ல வழி வந்தது. 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் ‘லேசி’ என்ற புதிய தெரிவு சேர்ந்தது. அது நிகழ்நேர முறைவழி காத்திருந்தால் உடனே பறிக்கும். சாதாரண முறைவழியானால் அடுத்த கடிகாரத் துடிப்பு வரை பொறுக்கும். கடிகாரத் துடிப்பும் ஒரு தெரிவே. செக்கனுக்கு 250 துடிப்பு என அமைத்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லி செக்கன். 1000 என அமைத்தால் 1 மில்லி செக்கன். பதிப்புக்குப் பதிப்பு இந்த மெனு மாறும். ஆகவே பெயர்களை மனனம் செய்வதில் பயனில்லை. எந்த வேலைக்கு எது, ஏன் என்பதே உங்களுக்கு வேண்டியது.

5. பூட்டு வைத்திருப்பவரைப் பறித்தால் என்ன நடக்கும்?

இனி இப்பாடத்தின் மிகக் கடினமான பகுதி. புகையிரத உதாரணம் இந்த இடத்தோடு நின்றுவிடும், தாளை எடுங்கள்.

மூவர் இருக்கிறார்கள். கீழ் என்பவருக்கு முன்னுரிமை குறைவு, நடு என்பவருக்கு நடுத்தரம், மேல் என்பவருக்கு மிக உயர்வு. கீழ் நேரம் 0 இல் தொடங்கிப் பூட்டை எடுக்கிறார். 3 மில்லி செக்கன் வேலை செய்த பிறகே பூட்டைத் திறப்பார். மேல் நேரம் 1 இல் வருகிறார். அவருக்கும் அதே பூட்டு வேண்டும், வேலை 2 மில்லி செக்கன். நடு நேரம் 2 இல் வருகிறார். அவருக்குப் பூட்டே தேவையில்லை, வேலை 6 மில்லி செக்கன்.

0–1 கீழ் ஓடுகிறார். 1 இல் மேல் வந்து பூட்டைக் கேட்டுத் தடைப்படுகிறார். 1–2 மறுபடியும் கீழ். 2 இல் நடு வருகிறார். நடுவின் முன்னுரிமை கீழை விடக் கூடியது, ஆகவே கீழிடமிருந்து சிபியூ பறிக்கப்படுகிறது. 2–8 நடு. 8–9 கீழ் மீதியை முடித்துப் பூட்டைத் திறக்கிறார். 9–11 மேல்.

மேல் காத்திருந்தது 8 மில்லி செக்கன். யாருக்காக? தனக்கும் அந்தப் பூட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத நடுவுக்காக. நடுவின் வேலையை 6 இலிருந்து 60 ஆக்கிப் பாருங்கள். மேல் 62 மில்லி செக்கன் காத்திருப்பார். நடுவின் வேலை நீள நீள மேலின் காத்திருப்பும் நீளும், எல்லை கிடையாது. எல்லா விதிகளும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டன. செடியூலர் எங்கும் பிழை விடவில்லை. ஆனாலும் முன்னுரிமை தலைகீழாகிவிட்டது. இதற்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர்.

இது தாளில் மாத்திரம் நடக்கும் கதை என்று நினைத்தால், 1997 க்குப் போவோம். அவ்வருடம் ஜூலை 4 ஆம் திகதி நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில், வானிலைத் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கிய பின்னர், அதன் கணினி தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் அன்றைய மிச்ச வேலை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. கலத்தில் இருந்த பணிசெயல் முறைமை விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வேர்க்ஸ். அது முழு இடைப்பறிப்புள்ளது. வானிலைத் தரவு வேலைதான் நமது ‘கீழ்’. அது ஒரு பூட்டை வைத்திருந்தது. தரவுப் பாதையை நிருவகிக்கும் உயர் முன்னுரிமை வேலை ‘மேல்’. நடுத்தர முன்னுரிமை வேலைகள் இடையில் புகுந்தன. உரிய நேரத்தில் ‘மேல்’ முடியவில்லை என்பதைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு, ஏதோ பாரதூரமான பழுது என்று எடுத்துக் கணினியை மீளத் தொடக்கியது.

பூமியில் இருந்த ஒரு மாதிரிக் கணினியில் பொறியியலாளர்கள் அதே நிலைமையை உண்டாக்கிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். திருத்தம் என்ன தெரியுமா? அந்தப் பூட்டை உருவாக்கும்போது ‘முன்னுரிமை மரபுரிமை வேண்டுமா?’ என்று ஒரு தெரிவு உண்டு. அது ‘இல்லை’ என்று விடப்பட்டிருந்தது. அதை ‘ஆம்’ ஆக்கும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அதன் பின்னர் அந்தப் பிரச்சினை வரவில்லை.

முன்னுரிமை மரபுரிமை என்பது இதுதான்: மேல் ஒரு பூட்டுக்காகத் தடைப்பட்டவுடன், அந்தப் பூட்டை வைத்திருக்கும் கீழுக்கு மேலின் முன்னுரிமை தற்காலிகமாக வந்துசேரும், பூட்டைத் திறந்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். மேலே உள்ள கணக்கை இந்த விதியோடு மறுபடியும் போடுங்கள். 0–3 கீழ், ஏனெனில் 2 இல் வரும் நடுவால் இப்போது கீழைப் பறிக்க முடியாது. 3–5 மேல். 5–11 நடு. மேல் காத்திருந்தது 2 மில்லி செக்கன். நடுவின் வேலையை 60 ஆக்கினாலும் மேலின் காத்திருப்பு அதே 2 தான். காத்திருப்பு பூச்சியமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு ஓர் எல்லை வந்திருக்கிறது. நிகழ்நேர முறைமைக்கு வேண்டியது அதுவே.

முன்னுரிமை தலைகீழாகும் இந்தச் சிக்கலை லம்சன், ரெடெல் ஆகிய இருவர் 1980 இலேயே எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதற்கான விதிகளை ஒழுங்காக ஆராய்ந்து, காத்திருப்புக்கு எல்லை உண்டு என்று நிறுவிய கட்டுரை 1990 இல் வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹொக்ஸ்கி. இதில் ராஜ்குமார், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழினுட்பக் கல்லூரியில் 1984 இல் பொறியியற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989 இல் கலாநிதிப் பட்டம் முடித்தவர், அங்கேயே பேராசிரியரானவர். பாத்ஃபைண்டரின் கதையை விண்ட் ரிவரைச் சேர்ந்த டேவிட் வில்னர் 1997 டிசம்பரில் நிகழ்நேர முறைமை மாநாடொன்றில் விவரித்தபோது, கட்டுரையை எழுதிய மூவரும் அதே மண்டபத்தில் இருந்தார்கள். உரையின் முடிவில் மாநாட்டின் நிகழ்ச்சித் தலைவர் அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்; மண்டபமே அவர்களைப் பாராட்டியது. தாளில் கோடு போட்டு நிறுவிய ஒரு விடயம் ஏழு வருடத்தில் வேறொரு கிரகத்தில் வேலை செய்ததை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது; வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை.

லினக்ஸின் நிகழ்நேரத் தெரிவு சுரங்கங்களைத் திறந்துவிடுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? பூட்டு வைத்திருப்பவரையும் பறிக்கலாம் என்றால், பாத்ஃபைண்டரில் நடந்தது எல்லா இடத்திலும் நடக்கும். அதனால்தான் அத்தெரிவில் பெரும்பாலான ஸ்பின்லொக்குகளை முன்னுரிமை மரபுரிமையுள்ள பூட்டுகளாக மாற்றியிருக்கிறார்கள். பயனர் நிகழ்ச்சிகளுக்கும் அவ்வகைப் பூட்டு 2006 இல் வந்த 2.6.18 பதிப்பில் கிடைத்தது.

6. மாதிரி வினாக்கள்

வினா 1. ஒரு சுரங்க அகழ்வு நிறுவனம் தனது இரவுநேரக் கணக்கீட்டுச் சேவையகத்தையும், இயந்திரக் கையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியையும் ஒரே கேர்னல் தெரிவோடு அமைக்க விரும்புகிறது. இது பொருத்தமானதா? விளக்குக.

விடை: பொருத்தமானதல்ல. சேவையகத்துக்கு வெளியீட்டு வீதம் முக்கியம். எனவே கேர்னலுக்குள் இடைப்பறிப்பு இல்லாத அல்லது குறைந்த தெரிவு ஏற்றது, நிலைமாற்றச் செலவு குறையும். இயந்திரக் கைக்கு உரிய நேர எல்லைக்குள் பதிலளிப்பது முக்கியம். எனவே நிகழ்நேரத் தெரிவு ஏற்றது, வெளியீட்டு வீதம் சற்றுக் குறைவதை ஏற்றுக்கொள்ளலாம். (இரண்டு பக்கத்துக்கும் காரணம் எழுத வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் எழுதினால் பாதிப் புள்ளியே வரும்.)

வினா 2. குறுக்கீடு நடந்தால் இடைப்பறிப்பும் நடந்தே ஆக வேண்டுமா?

விடை: இல்லை. குறுக்கீட்டைக் கவனித்த பின்னர் அதே முறைவழிக்குத் திரும்பினால் இடைப்பறிப்பு நடக்கவில்லை. செடியூலர் வேறொரு முறைவழியைத் தெரிவு செய்து சந்தர்ப்ப நிலைமாற்றம் நடந்தால் மாத்திரமே இடைப்பறிப்பு ஆகும்.

வினா 3. பகுதி 5 இல் உள்ள கணக்கில் கீழ் பூட்டை வைத்திருக்கும் நேரம் 3 இற்குப் பதிலாக 5 மில்லி செக்கன் எனக் கொள்க. ஏனைய தரவுகள் மாறாது. முன்னுரிமை மரபுரிமை இல்லாதபோதும் உள்ளபோதும் மேலின் காத்திருப்பு நேரத்தைக் காண்க.

விடை: இல்லாதபோது: 0–2 கீழ், 2–8 நடு, 8–11 கீழ், 11–13 மேல். மேலின் காத்திருப்பு 11 – 1 = 10 மில்லி செக்கன். உள்ளபோது: 0–5 கீழ், 5–7 மேல், 7–13 நடு. மேலின் காத்திருப்பு 5 – 1 = 4 மில்லி செக்கன். இங்கே மிஞ்சிய 4 மில்லி செக்கனைக் குறைக்க வேண்டுமானால் செடியூலரைத் தொட்டுப் பயனில்லை; கீழ் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தையே குறைத்து எழுத வேண்டும்.